அரக்கனுக்கு எத்தனை புள்ளிகள்?



இப்பதிவு ஒரு நோட்டுப்புத்தகத்தில் தொடங்குகிறது. சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கட்டுரைப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். நான்கு வரிக்கு மேல் ஒருநாளும் எழுதாத மாணவன் ஒருவன், கட்டுரை நோட்டின் அடியில் வேறொரு நோட்டை மறைத்து வைத்து ஏதோ வரைந்து கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கொம்பும் நகமும் கொண்ட ஓர் உருவமும், அதன் அருகில் ஒரு கட்டத்துக்குள் சில எண்களும் தெரிந்தன. மேற்கொண்டு படித்துப் பாராமலே நோட்டைப் பறிமுதல் செய்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்று வாரங்கள் அஃது அங்கேயே கிடந்தது.

பள்ளி விடுமுறைக்கு முன் அலமாரியைத் துப்புரவு செய்தபோதுதான் அதைத் திறந்தேன். நாற்பது பக்கங்கள்! பக்கத்துக்கு ஒரு விலங்கு. ஒவ்வொன்றுக்கும் பெயர், படம், 'எங்கே இருக்கும்', 'எத்தனை சேர்ந்து வரும்', 'உயிர்', 'அடி', 'எப்படி ஜெயிப்பது' என்னும் தலைப்புகள். அத்தனையும் தமிழில். லகர ளகர ழகரங்கள் இடம் மாறித்தான் கிடந்தன. எனினும் என் வகுப்பில் நான்கு வரி எழுதாத பிள்ளை எனக்குத் தெரியாமல் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறான்!

அவனை அழைத்து விசாரித்தேன். அண்ணனிடம் ஓர் ஆங்கில நூல் இருக்கிறதாம். அதைப் படிக்க முடியாததால், அண்ணன் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக் கொண்டானாம். அந்நூலை விடுமுறைக்கு இரவல் பெற்றேன். அதன் பெயர் 'மான்ஸ்டர் மேனுவல்'. அதனைப் படிக்கத் தொடங்கி, அதன் முன்னோர்களையும் தேடிப் படித்தேன். அவ்வாறு அறிந்தவற்றையே இங்குப் பகிர்கிறேன்.

விளையாட்டும் நூலும்

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ பாத்திரம் ஏற்று, தாம் செய்வதை வாயால் சொல்வார்கள். வெற்றி தோல்வியைப் பகடை முடிவு செய்யும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இரு அமெரிக்கர்கள் இதனை உருவாக்கி 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கைகாக்ஸ் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனிவா என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர். காப்புறுதி நிறுவன வேலையை இழந்தபின் காலணி செப்பனிட்டுப் பிழைத்தவர். முதற்பதிப்பில் 1,000 பெட்டிகளே வெளிவந்தன. பெட்டிக்குள் மூன்று சிறுநூல்கள் இருந்தன. அவற்றுள் இரண்டாவது விலங்குகளையும் புதையல்களையும் பற்றியது.

கதை நடத்துபவருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வீரர்கள் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும். அதன் வலிமை என்ன, எத்தனை அடி தாங்கும் என்பன உடனே தெரிய வேண்டும். இத்தேவைக்காகவே 1977-ஆம் ஆண்டில் 'மான்ஸ்டர் மேனுவல்' தனி நூலாக, கெட்டி அட்டையுடன் வெளிவந்தது. ஏறக்குறைய 110 பக்கங்களில் 350-க்கும் மேற்பட்ட உயிரிகள் அகர வரிசையில் இடம்பெற்றன. ஆட்டக்காரர்களுக்கான விதிநூல் 1978-இலும், கதை நடத்துநருக்கான நூல் 1979-இலும்தான் வந்தன. அந்த வரிசையில் விதிகளுக்கு முன்பே விலங்குகள் அச்சேறிவிட்டன.

ஒவ்வோர் உயிரிக்கும் ஒரே அட்டவணைதான். எத்துணை அரிதாகக் காணப்படும், எத்தனை சேர்ந்து வரும், கவசம், வேகம், தாங்குதிறன், பொக்கிஷம், தாக்குதல்களின் எண்ணிக்கை, அறிவு, குணம், உருவளவு எனத் தலைப்புகள் வரிசையாக நிற்கும். அதன்பின் சில பத்திகளில் விளக்கம். எறும்பு முதல் டிராகன் வரை அனைத்துக்கும் இதே படிவம்.

மூன்று கேள்விகள்

இவ்வகைப் பட்டியல் புதியதன்று. அலெக்சாந்திரியாவில் தோன்றியதாகக் கருதப்படும் 'பிசியாலகஸ்' என்னும் கிரேக்க நூல், கிறித்துவத்தின் தொடக்க நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அதன் வழிவந்த விலங்கு நூல்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் வண்ண ஓவியங்களுடன் எழுதப்பட்டன. யானையும் சிங்கமும் இருந்த அதே ஏட்டில் ஒற்றைக்கொம்புக் குதிரையும் பீனிக்ஸ் பறவையும் இருந்தன. ஒவ்வொரு விலங்கும் மனிதனுக்கு ஒரு நீதியைச் சொன்னது. நம் தமிழிலும் திவாகர நிகண்டு தெய்வப் பெயர்களை முதல் தொகுதியிலும் விலங்கின் பெயர்களை மூன்றாம் தொகுதியிலும் அடுக்கியுள்ளது.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஐரோப்பியத் துறவியின் ஏடு, "இவ்விலங்கு எதைக் கற்பிக்கிறது?" என்று கேட்டது. நிகண்டு, "இதற்கு எத்தனை பெயர்கள்?" என்று கேட்டது. 1977-ஆம் ஆண்டின் நூலோ, "இதனை எவ்வாறு வெல்வது?" என்று கேட்டது. அந்நூலின் அட்டவணை முழுவதும் அந்த ஒரு கேள்விக்கான விடைதான்.

விலங்குகள் வந்த வழி

350 உயிரிகளுக்கு எங்கே போவது? கிரேக்கப் புராணம், வடஐரோப்பியக் கதைகள், அறிவியல் புனைகதைகள் என எல்லா இடத்திலிருந்தும் எடுத்தார்கள். டோல்கீனின் கதைகளிலிருந்தும் எடுத்தார்கள். அப்பெயர்களுக்கு உரிமை பெற்றிருந்தவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே, 'ஹாபிட்' என்பது 'ஹாஃப்ளிங்' ஆயிற்று. 'என்ட்' என்னும் நடக்கும் மரம் 'ட்ரீயன்ட்' ஆயிற்று.

எனக்கு மிகவும் பிடித்த கதை பிளாஸ்டிக் பொம்மைகளின் கதை. அக்காலத்தில் அமெரிக்க மலிவு விலைக் கடைகளில் ஹாங்காங்கிலிருந்து வந்த விலங்குப் பொம்மைகள் பை பையாக விற்கப்பட்டன. தொல்பழங்கால விலங்குகள் என்று அவற்றை விற்றார்கள். உண்மையில் எந்தக் காலத்து விலங்கு போலவும் அவை இல்லை. நம்மூர் இரவுச் சந்தைகளிலும் இத்தகைய பைகளை நாம் வாங்கியிருக்கிறோம். கைகாக்ஸ் அவற்றை ஆட்டத்துக்குப் பயன்படுத்தினார். இரும்பைத் துருவாக்கித் தின்னும் 'ரஸ்ட் மான்ஸ்டர்', ஆந்தைத் தலைக் கரடியான 'அவுல்பேர்', நிலத்துக்கடியில் நீந்தும் 'புலெட்' ஆகிய மூன்றும் அப்பொம்மைகளிலிருந்து பிறந்தவையே. எங்கோ ஒரு தொழிற்சாலையில் அச்சு வார்த்தவருக்குத் தாம் புராணம் படைத்தது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

நம் வீட்டு உறவினர்கள்

அந்த நூலின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு வந்தபோது இரு பெயர்களைக் கண்டு நின்றேன். ஒன்று 'நாகா'. மனித முகம் கொண்ட பாம்புகள். காவல் நாகம், ஆவி நாகம், நீர் நாகம் என மூவகை. இன்னொன்று 'ராட்சசா'.

ராட்சசனுக்குப் புலித்தலை. டேவ் டிராம்பியர் வரைந்த ஓவியத்தில் அவன் செல்வந்தர் வீட்டு மேலங்கி அணிந்து, புகைக்குழாயுடன் அமர்ந்திருக்கிறான். இந்தியாவிலிருந்து வந்தவன் என்பது குறிப்பு. நாம் நம்புகின்றவரின் உருவத்தைக் காட்டி ஏமாற்றுவான். மதகுரு ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் மாண்டு போவான். தாங்குதிறன் 7 பகடைகள்.

இராமாயணம் படித்த நமக்கு இது வியப்பளிக்கும். குறுக்குவில்லும் மதகுருவின் ஆசியும் எங்கிருந்து வந்தன? 1974-ஆம் ஆண்டின் இறுதியில் 'கோல்ச்சாக்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ராட்சசன் வரும் பகுதி ஒன்று ஒளிபரப்பாயிற்று. அதில் அவன் நம்பிக்கைக்குரியவர்களின் உருவெடுத்து வந்து கொல்வான். ஆசி பெற்ற குறுக்குவில் அம்பால் மடிவான். மூன்றாண்டு கழித்து வந்த நூலில் அதே இரு இயல்புகள் உள்ளன. வான்மீகியும் கம்பரும் அல்லர், ஒரு தொலைக்காட்சித் தொடரே இந்த அரக்கனுக்கு மூலம். புலித்தலை ஓவியர் தந்தது. பிற்காலப் பதிப்புகளில் உள்ளங்கை பின்புறமாகத் திரும்பிய கைகளும் அவனுக்கு அடையாளமாயின.

சினங்கொள்வதா? நான் முதலில் சினந்தேன். இராவணன் வீணை வாசித்தவன், சிவபக்தன். அவன் தம்பி வீடணன் அறத்தின் பக்கம் நின்றவன். ஓர் அரக்கர் குலத்துக்குள்ளேயே இத்தனை வேறுபாடுகளை நம் காப்பியம் காட்டுகிறது. அட்டவணையோ 'குணம்' என்னும் கட்டத்தில் குலம் முழுமைக்கும் 'தீயது' என ஒரே சொல்லை எழுதிவிடுகிறது. ஆனால் சற்று ஆறியபின் இன்னொன்றும் தோன்றியது. அந்நூலைப் பார்க்காதிருந்தால் 'ராட்சசன்' என்னும் சொல்லை என் மாணவன் கேட்டிருக்கவே மாட்டான். அவன் நோட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் புலித்தலையுடன் அவன் நிற்கிறான்.

ஒரு பள்ளி மாணவனும் ஒரு முன்ஷியும்

1981-ஆம் ஆண்டில் 'ஃபீண்ட் ஃபோலியோ' என்னும் இரண்டாம் நூல் வந்தது. பதிப்பாசிரியர் டான் டர்ன்புல் என்னும் ஆங்கிலேயர். 'ஒயிட் ட்வார்ஃப்' என்னும் பிரித்தானிய இதழில் வாசகர்கள் தாங்கள் கற்பனை செய்த உயிரிகளை எழுதி அனுப்ப ஒரு பகுதி இருந்தது. நூலின் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது.

அவ்வாறு எழுதி அனுப்பியவர்களுள் ஒருவர் சார்ல்ஸ் ஸ்ட்ராஸ். 1964-இல் பிறந்தவர். அவர் படைத்த 'கித்யாங்கி' 1979-இல் இதழில் வந்தபோது அவர் பள்ளி மாணவர். அந்த உயிரியே பின்னர் நூலின் அட்டைப்படமாயிற்று. அம்மாணவர் வளர்ந்து பெயர்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளரானார். அவருடைய நோட்டை வகுப்பில் எந்த ஆசிரியராவது பறித்து அலமாரியில் வைத்தாரா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அதே நூலில் மற்றொரு பெயர் என்னைத் திடுக்கிட வைத்தது. 'பெனாங்காலான்'! மலேசியாவில் வளர்ந்த யாருக்கு அப்பெயர் தெரியாது? தலை மட்டும் உடலை விட்டுப் பிரிந்து, குடல் தொங்கப் பறந்து, பிள்ளை பெற்ற வீடுகளைத் தேடி வரும் என்று அண்டை வீட்டு மலாய்ப் பாட்டி சொன்ன கதையைக் கேட்டுப் போர்வைக்குள் நடுங்கியவர்கள் நாம். அந்நூலில் அவள் வேம்பயர் வகையைச் சேர்ந்த, இறந்தும் நடமாடும் உயிரியாக எண்களுடன் நிற்கிறாள்.

மலாய் மரபில் அவள் இறந்தவள் அல்லள். பகலில் அவள் நம் கிராமத்துப் பெண். இரவில்தான் தலை பிரியும். திரும்பி வந்ததும் ஊதிப்போன குடலைக் காடியில் ஊறவைத்துச் சுருக்கிக்கொள்வாள். அதனால் பிரசவ வீட்டைச் சுற்றி முட்செடிகளைக் கட்டி வைத்தார்கள். தொங்கும் குடல் முள்ளில் சிக்கும் என அவள் அஞ்சுவாளாம். தாயும் சேயும் எளிதில் இறந்துபோன காலத்தின் அச்சம் அந்த முள்ளில் இருக்கிறது. அதனை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்நம்பிக்கையை முதலில் அச்சில் பதிவு செய்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. அரபு, தமிழ் வழித்தோன்றல் கலந்தவர், தமிழும் கற்றவர். 'முன்ஷி' என்றால் மொழியாசிரியர் என்று பொருள். 1849-இல் அச்சேறிய 'ஹிக்காயத் அப்துல்லா'வில் அவர் அதனை விவரித்துள்ளார். இத்தகைய பேய்களை அவர் நம்பவில்லை. ஆயினும் மக்கள் சொன்னவற்றை எழுதி வைத்தார். பின்னர் 1900-இல் ஆங்கிலேய அதிகாரி ஸ்கீட் தம் மலாய் மந்திர நம்பிக்கைகள் பற்றிய நூலில் விரிவாக எழுதினார். நாட்டார் வாய்மொழி, மொழியாசிரியரின் ஏடு, அதிகாரியின் நூல், இறுதியில் விளையாட்டு நூல் என்று காலவரிசையில் அப்பெயர் நமக்குக் காணக் கிடைக்கிறது.

பெற்றோரின் அச்சம்

இப்பகுதி பெற்றோர்களுக்காக. 1980-களில் அமெரிக்காவில் இவ்விளையாட்டுப் பிள்ளைகளைத் தீய வழிக்கு இட்டுச் செல்லும் என்ற பேரச்சம் பரவியது. மகனை இழந்த தாய் ஒருவர் 1983-இல் எதிர்ப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 1985-இல் '60 மினிட்ஸ்' என்னும் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி இதனை ஆராய்ந்தது. இவ்விளையாட்டால் இளையோர் உயிர் மாய்த்துக்கொள்கின்றனர் என்பதை ஆய்வுகள் நிறுவவில்லை. ஆயினும் நூல் மாறிற்று. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் கிறித்துவ மரபின் பிசாசுகள் நீக்கப்பட்டன. 1991-இல் 'பாடேசு', 'தனாரி' என்னும் புதுப்பெயர்களுடன் அவை திரும்பின. 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் பழைய பெயர்களும் மீண்டன.

அந்த 1989-ஆம் ஆண்டு நூல் கட்டப்படாத தாள்களாக, கோப்பில் செருகும் வகையில் வந்தது. புதிய தாள்களை அகர வரிசையில் இடையிடையே சேர்த்துக்கொள்ளலாம் என எண்ணினர். ஆனால் ஒரே தாளின் இரு பக்கங்களிலும் இரு வேறு உயிரிகள் அச்சாகியிருந்ததால் வரிசை குலைந்தது. 1993-இல் மீண்டும் கட்டப்பட்ட நூலாகவே வெளியிட்டனர். பாடத்துணைப்பொருள் கோப்புகளோடு போராடும் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு இத்துன்பம் நன்கு புரியும்.

அந்தத் தாயின் துயரை நான் எளிதாக எண்ணவில்லை. ஆனால் பிள்ளை எதை வரைகிறான் என்று பாராமலே பூட்டி வைப்பதால் எந்த அச்சமும் தீர்வதில்லை. இதை என் அலமாரி எனக்குக் கற்பித்தது.

வெற்றுக் கட்டங்கள்

இன்னொரு நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1980-இல் இதே நிறுவனம் தெய்வங்களுக்கென ஒரு பட்டியல் நூலை வெளியிட்டது. கிரேக்க, எகிப்தியத் தெய்வங்களோடு இந்தியத் தெய்வங்களும் அதில் உண்டு. இந்திரனுக்கும் காளிக்கும் கவச எண்ணும் உயிர்ப்புள்ளிகளும் குறிக்கப்பட்டிருந்தன. புள்ளி குறித்தால் அப்புள்ளி குறைந்துகொண்டே போய்ப் பூச்சியமாகலாம் என்றாகிறது. எண்ணிட்டவர்கள் கேலிக்காகச் செய்யவில்லை. அவர்களிடம் இருந்த படிவம் அது ஒன்றுதான்.

விடுமுறை முடிந்து நோட்டைத் திருப்பிக் கொடுத்த அன்று, என் மாணவனிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவன் நோட்டின் முப்பத்தெட்டாம் பக்கத்தில் பெரிய மீசையும் கையில் அரிவாளுமாக ஓர் உருவம் இருந்தது. மேலே 'முனியாண்டி' என்று பெயர். கட்டங்கள் வரையப்பட்டிருந்தன. ஆனால் ஒன்றிலும் எண் இல்லை.

"இதை ஏன் முடிக்கவில்லை?" என்றேன்.

"பாட்டி எழுத வேணாம்னு சொல்லிட்டாங்க டீச்சர். அது மிருகம் இல்லையாம். அவங்க இருந்த தோட்டத்துக்கே காவல் சாமியாம். காவலுக்கு நிக்கிற சாமிக்கு உயிர் இவ்வளவுதான்னு எழுதக் கூடாதாம்."

"அப்படியானால் படத்தை ஏன் கிழிக்கவில்லை?"

"படம் இருக்கட்டும்னு சொன்னாங்க. கதை அவங்க சொல்றேன்னாங்க."

ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்த அந்தப் பாட்டி 1980-ஆம் ஆண்டின் நூலைக் கண்டிருக்க மாட்டார். இருந்தும் அதை எழுதியவர்கள் தயங்காத இடத்தில் அவர் தயங்கியிருக்கிறார்.

மறுவாரம் அவனுக்குத் தனியாக ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன்: 'பாட்டி சொன்ன காவல் தெய்வம்'. ஒன்றரைப் பக்கம் எழுதி வந்தான். தோட்டம் விற்கப்பட்டு மக்கள் இடம் பெயர்ந்தபோது, கோயில் மண்ணில் ஒரு பிடியைப் பாட்டி சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டு வந்தாராம். அம்மண் இன்னும் அவர்கள் வீட்டுச் சாமி மேடையில் ஒரு டப்பாவில் இருக்கிறதாம். எழுத்துப்பிழைகள் பதினேழு. 'அவருக்குத் தெரியாமல் யாரும் தோட்டத்துக்குள் வர முடியாது' என்ற ஒரு வரி மட்டும் பிழையின்றி இருந்தது.

2000-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் உரிமையாளர்கள் விதிகளின் பெரும்பகுதியைப் பிறரும் பயன்படுத்த அனுமதி தந்தபோது, 'பிஹோல்டர்' போன்ற சொந்தப் படைப்புகள் சிலவற்றைத் தங்களுக்கென வைத்துக்கொண்டனர். ராட்சசனை அவ்வாறு வைத்துக்கொள்ளவில்லை. 2025-இல் வெளிவந்த புதிய 'மான்ஸ்டர் மேனுவல்' 500-க்கும் மேற்பட்ட உயிரிகளைக் கொண்டது. நம் கதைகளில் உள்ளவர்களை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில் நம் மாணவர்களும் அடக்கம்.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த தவணையில் முயன்று பாருங்கள். பிள்ளைகள் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒரு பேயையோ பூதத்தையோ காவல் தெய்வத்தையோ பற்றிக் கேட்டு வரட்டும். இரவில் எங்கே வரும், எதற்கு அஞ்சும், யார் கண்டது என்று எழுதட்டும். கட்டம் போட விரும்பும் பிள்ளை கட்டம் போடட்டும். எந்தக் கட்டத்தை வெற்றாக விட வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள்.

அவனுடைய நோட்டில் இப்போது ஐம்பத்திரண்டு பக்கங்கள் நிறைந்துவிட்டன. ழகரம் இன்னும் வசப்படவில்லை. முப்பத்தெட்டாம் பக்கம் அப்படியே இருக்கிறது.